எஸ்போசிட்டோ: ஒரு இத்தாலி சர்நேமோட வேரை நீங்களே தேடிப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

எங்க அக்கா பொண்ணு கனடால கல்யாணம் பண்ணிக்கிட்ட பையனோட குடும்பப்பேரு எஸ்போசிட்டோ. பையனோட கொள்ளுத்தாத்தா நேப்பிள்ஸ் பக்கத்துல இருந்து கப்பல் ஏறி வந்தவரு. அவங்க வீட்டு ஹால்ல சிங்கம் போட்ட கேடயப் படம் ஒண்ணு பிரேம் போட்டு மாட்டியிருந்தாங்க, எஸ்போசிட்டோ குடும்பச் சின்னம்னு சொல்லி ஏதோ ஒரு வெப்சைட் காசு வாங்கிக்கிட்டு அனுப்புனது. பேருக்கு என்ன அர்த்தம்னு அக்கா கேட்டப்போ நான் தேட ஆரம்பிச்சேன், அன்னைக்கு ராத்திரி முழுக்க தூங்கல. அந்தப் பேருக்கும் சிங்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது தெருவுல விடப்பட்ட குழந்தைகளோட பேரு.

அப்ப இருந்து இத்தாலி சர்நேம்களைத் தேடுறதே என் வேலையா ஆகிடுச்சு. ஒரு பேரை எடுத்தா எங்க ஆரம்பிக்கணும், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாதுங்கறதை இந்த எஸ்போசிட்டோவை வச்சே படிப்படியா சொல்றேன். உங்ககிட்ட இருக்குறது ரூஸ்ஸோவோ கொலம்போவோ எதுவா இருந்தாலும் வழி ஒண்ணுதான்.

முதல் படி: பேரை ஒழுங்கா எழுதுங்க, ஒழுங்கா சொல்லிப் பாருங்க

இத்தாலிக்காரங்க இதை "எஸ்போசித்தோ"ன்னு சொல்லுவாங்க, அழுத்தம் "போ"ல விழும். அமெரிக்கா, கனடால வந்தப்புறம் அழுத்தம் "சி"க்கு நகந்து "எஸ்பொசீட்டோ" ஆகிடுச்சு. இதென்ன பெரிய விஷயம்னு நினைக்காதீங்க, ஏன்னா காதுல விழுந்தபடி எழுதுனதுலதான் பாதி ஸ்பெல்லிங் மாறியிருக்கு. முன்னாடி இருக்குற "எ" உதிந்துபோய் ஸ்போசிட்டோன்னு இருக்குற குடும்பங்கள் உண்டு, பொலோன்யா பக்கம் போனா "தெல்யி எஸ்போஸ்தி", ஸ்பெயின்ல "எக்ஸ்போசிட்டோ". எல்லாத்துக்கும் வேர் ஒரே லத்தீன் சொல்லு, "எக்ஸ்பொசிதுஸ்", வெளியில வைக்கப்பட்டவன்னு அர்த்தம். எத்தனை வடிவம் கிடைக்குதோ அத்தனையும் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, பின்னாடி ரெஜிஸ்டர்ல தேடும்போது எல்லாத்தையும் போட்டுப் பாக்கணும்.

ரெண்டாவது படி: எந்த ரகத்துப் பேருன்னு பிரிங்க

இத்தாலி சர்நேம்களைப் பெரும்பாலும் நாலு கூடையில போட்டுடலாம். அப்பா பேருல இருந்து வந்தது ஒண்ணு, தி ஜொவான்னி, தே லூக்கா மாதிரி. ஊர் பேருல இருந்து வந்தது இன்னொண்ணு, ரொமானோன்னா ரோம்காரன், கிரேக்கோன்னா கிரேக்கன். தொழில் பேரு மூணாவது, ஃபெர்ராரின்னா கொல்லர் குடும்பம், பார்பியேரின்னா முடிவெட்டுறவங்க. நாலாவது பட்டப்பேரு, ரிச்சின்னா சுருட்டை முடிக்காரங்க, ரோஸ்ஸின்னா செம்பட்டை முடிக்காரங்க. நம்ம வீரமாமுனிவரோட குடும்பப்பேரு பெஸ்கி, அவருக்கு முன்னாடியே மதுரைக்கு வந்த தத்துவ போதகரோட பேரு தே நொபிலி, அதாவது பிரபுக்கள் வீட்டைச் சேந்தவரு. தமிழ் படிச்சவங்களுக்கு இத்தாலி சர்நேம் ஒண்ணும் புதுசு இல்ல, நம்ம பாடப்புத்தகத்துலயே இருந்திருக்கு, நாமதான் சர்நேமா கவனிக்கல.

எஸ்போசிட்டோ இந்த நாலு கூடையிலயும் விழாது. அப்பா யாருன்னு தெரியாது, ஊரு தெரியாது, தொழில் கிடையாது, பட்டப்பேரு வைக்க அக்கம்பக்கமும் கிடையாது. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைக்கு ஒரு கிளார்க் எழுதிக் கொடுத்த பேரு அது.

மூணாவது படி: மேப்ல போட்டுப் பாருங்க

அர்த்தம் தெரிஞ்சதும் நிறுத்திடாதீங்க, நிறைய பேரு அங்கயே நிறுத்திடுறாங்க. காக்னோமிக்ஸ்னு ஒரு இத்தாலிய வெப்சைட் இருக்கு, பேரை அடிச்சா இத்தாலியில எந்த மாநிலத்துல எத்தனை குடும்பம்னு மேப்ல காட்டும். எஸ்போசிட்டோ போட்டீங்கன்னா நேப்பிள்ஸும் அதைச் சுத்தி இருக்குற கம்பானியா மாநிலமும் அடர்த்தியா தெரியும், வடக்கே போகப் போக கம்மி, வடக்குல இருக்குறதுலயும் நிறைய பேரு பிற்காலத்துல மிலான், டூரின் பக்கம் வேலைக்குப் போனவங்க.

கடைசி எழுத்தைப் பாத்தே ஓரளவு ஊரைச் சொல்லலாம்ங்கறது இன்னொரு விஷயம். "இ"ல முடிஞ்சா பெரும்பாலும் வடக்கு, மத்திய இத்தாலி, "ஓ"ல முடிஞ்சா தெற்கு வாசனை. அதே செம்பட்டை முடிக்கு வடக்குல ரோஸ்ஸி, தெற்குல ரூஸ்ஸோ. "ன்"ல முடிஞ்சா, பெனெட்டன், திரெவிசான் மாதிரி, அது வெனிஸ் இருக்குற வெனேத்தோ பக்கம். இதெல்லாம் சும்மா ஒரு குறிப்புதான், ஆதாரமா எடுத்துக்காதீங்க.

நாலாவது படி: அந்த ஊர்ல அந்தப் பேரை யாரு கொடுத்தாங்கன்னு தேடுங்க

இதுலதான் நான் நேரம் எடுத்துப் பேசப்போறேன், ஏன்னா விஷயமே இங்கதான் இருக்கு.

நேப்பிள்ஸ்ல ஃபொர்செல்லான்னு ஒரு நெரிசலான பழைய பேட்டை, அங்க அன்னுன்சியாத்தான்னு ஒரு சர்ச்சும் அதோட ஒட்டி ஒரு பெரிய கட்டடமும். 14வது நூற்றாண்டுல இருந்து அனாதைக் குழந்தைகளை எடுத்து வளத்த இடம் அது. கட்டடத்தோட சுவர்ல ஒரு ஓட்டை, அதுக்குள்ள மரத்துல செஞ்ச ஒரு உருளை, "ரூவோத்தா"ன்னு பேரு, சக்கரம்னு அர்த்தம். உருளையோட ஒரு பக்கம் திறந்திருக்கும். தெருவுல நிக்கிறவங்க குழந்தையை அதுக்குள்ள வச்சு சுத்திவிட்டா திறந்த பக்கம் உள்ளே போயிடும், மணி அடிச்சா ராத்திரி பகல்னு இல்லாம உள்ளே முறைவச்சு இருக்குற பொம்பளை வந்து எடுத்துப்பாங்க. வெளியில நின்னவங்க முகத்தை உள்ளே இருக்குறவங்க பாக்க முடியாது, உள்ளே எடுத்தவங்க முகத்தை வெளியில நின்னவங்க பாக்க முடியாது. அந்தச் சக்கரம் இருந்த இடத்தை இப்பவும் போய்ப் பாக்கலாம்.

உள்ளே எடுத்ததும் குழந்தையைக் குளிப்பாட்டி, ஞானஸ்நானம் கொடுத்து, கழுத்துல ஈயத்துல ஒரு சின்ன வில்லை கட்டுவாங்க, "மெர்க்கோ"ன்னு அதுக்குப் பேரு, குழந்தை மாறிப்போயிடக் கூடாதுன்னு. அப்புறம் ரெஜிஸ்டர் எழுதணும். எத்தனை மணிக்கு வந்துச்சு, ஆணா பொண்ணா, பாக்க எத்தனை நாள் குழந்தை மாதிரி இருக்கு, என்ன துணி சுத்தியிருந்துச்சு, கூட ஏதாவது இருந்துச்சா, அப்புறம் பேரு. ஞானஸ்நானப் பேருக்குப் பின்னாடி "எஸ்போசிட்டோ". இப்படி ஆயிரக்கணக்குல. ஊர் ஜனங்க அந்தக் குழந்தைகளை மடோன்னாவோட பிள்ளைங்கன்னு, அதாவது மாதாவோட பிள்ளைங்கன்னு சொல்லுவாங்க, எஸ்போசிட்டோவை விட எனக்கு அந்தப் பேருதான் பிடிச்சிருக்கு.

வந்த குழந்தைங்க எல்லாம் கல்யாணமாகாத அம்மாவுக்குப் பிறந்தவங்கன்னு நிறைய பேரு எழுதுறாங்க, அது சரியில்ல. பஞ்ச காலத்துல கல்யாணம் ஆகி நாலஞ்சு பிள்ளை பெத்தவங்களே அடுத்த குழந்தைக்குப் பால் இல்லாம கொண்டுவந்து வச்சிருக்காங்க. பின்னாடி வந்து கூட்டிட்டுப் போகணும்ங்கற நினைப்புலதான் துணிக்குள்ள பாதியா உடைச்ச மெடலோ பாதி கிழிச்ச சீட்டோ வச்சிருப்பாங்க, மத்த பாதி அம்மாகிட்ட. ஃபுளோரன்ஸ்ல இருக்குற இன்னொசென்தி அனாதை இல்ல மியூசியத்துல இந்த மாதிரி சின்னச் சின்ன பொருளை எல்லாம் தனித்தனி டிராயர்ல போட்டு வச்சிருக்காங்க. போட்டோல பாத்தாலே தொண்டை அடைக்கும், பாதி மெடல் ஒண்ணு டிராயர்ல இருக்குன்னா மத்த பாதியோட யாரும் வரலைன்னுதான் அர்த்தம்.

குழந்தைங்க அந்தக் கட்டடத்துக்குள்ளயே வளரல. பாலூட்ட ஆள் பத்தாது, அதனால சுத்துப்பட்டு கிராமங்கள்ல பால் கொடுக்குற தாய்மாருங்ககிட்ட காசு கொடுத்து அனுப்பி வைப்பாங்க. நிறைய குழந்தைங்க பிழைக்கல, அந்தக் கால அனாதை இல்லங்கள்ல சாவு எண்ணிக்கை ரொம்ப கொடுமையானது. பிழைச்ச பையன்கள்ல சில பேரு பால் கொடுத்த வீட்டுலயே தங்கி, வயல்லயோ பட்டறையிலயோ வேலை கத்துக்கிட்டு அங்கயே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அந்தப் பேரு நேப்பிள்ஸ் நகரத்தோட நிக்காம கம்பானியா கிராமங்கள் முழுக்கப் பரவுனதுக்கு இது ஒரு பெரிய காரணம். பொண்ணுங்களுக்கு அந்த இல்லமே சீதனம் கொடுத்து கல்யாணம் பண்ணி வச்சிருக்கு, ஆனா பிள்ளைகளுக்கு அப்பா பேருதான் போகும்ங்கறதால அந்தப் பொண்ணுங்களோட எஸ்போசிட்டோ அவங்களோடயே முடிஞ்சிடும். இன்னைக்கு இருக்குற எஸ்போசிட்டோக்கள்ல பெரும்பாலானவங்க பிழைச்சு வளந்த அந்தப் பையன்களோட வழி.

நேப்பிள்ஸ் மட்டும்தான் இப்படின்னு நினைச்சுடாதீங்க, ஊருக்கு ஒரு பேரு இருந்துச்சு. மிலான்ல கொலம்போ, புறான்னு அர்த்தம், குழந்தைகளை எடுத்த ஆஸ்பத்திரியோட சின்னமே புறாதான். ரோம் பக்கம் புரொயெத்தி, எறியப்பட்டவங்கன்னு அர்த்தம், இத்தனை பேருலயும் கேக்கவே கஷ்டமா இருக்குறது இதுதான். ஃபுளோரன்ஸ் பக்கம் இன்னொசென்தி, நொசென்தினி, அப்பாவிக் குழந்தைகள்ங்கற வார்த்தையில இருந்து வந்தது, அந்த இல்லத்துக்கு முதல் குழந்தை வந்தது 1445 பிப்ரவரி 5, பொண்ணு, அகத்தான்னு பேரு வச்சாங்க. சிசிலியில திரொவாத்தோ, கண்டெடுத்தவன். ரொமாஞ்ஞா பக்கம் காசாதேய், தெய்வத்தோட வீடுன்னு அர்த்தம் வரும். அதுக்காக கொலம்போன்னு பேரு இருக்குற எல்லாரும் அனாதைக் குழந்தை வழின்னு முடிவு கட்டிடாதீங்க, புறா வளத்தவனுக்கும் அந்தப் பேரு வந்திருக்கும், கொலம்போங்கறது ஆளோட பேராவும் இருந்திருக்கு. ஊரைச் சேத்துப் பாத்தாதான் தெளியும்.

அஞ்சாவது படி: வருஷத்தைப் பிடிங்க

ஒரு பேருக்கு அர்த்தம் மாதிரியே ஒரு காலக்கெடுவும் இருக்கும். நேப்பிள்ஸை நெப்போலியனோட மச்சான் யோவாகிம் முரா 1808ல இருந்து 1815 வரைக்கும் ஆண்டாரு. எஸ்போசிட்டோன்னு பேரு வச்சா ஆயுசுக்கும் அந்தப் பிள்ளை அனாதைன்னு முத்திரை குத்தினதா ஆகிடுதுன்னு, அவரு ஆட்சியில 1814 வாக்குல அந்தப் பேரைப் புதுசா வைக்குறதையே நிறுத்துனாங்க. அதுக்கப்புறம் வந்த குழந்தைகளுக்கு கிளார்க்கே யோசிச்சு ஆளுக்கொரு பேரு வச்சாரு. ஃபுளோரன்ஸ்லயும் நேப்பிள்ஸ்லயும் சக்கரத்தையே மூடுனது 1875ல.

இதுல இருந்து தேடுறவங்களுக்கு ரெண்டு விஷயம் கிடைக்குது. உங்க குடும்பம் நேப்பிள்ஸ் எஸ்போசிட்டோன்னா அந்த முதல் குழந்தை பெரும்பாலும் 1814க்கு முன்னாடி வந்திருக்கணும், அதுக்குப் பின்னாடி நீங்க பாக்குற எஸ்போசிட்டோ பெரும்பாலும் அப்பாகிட்ட இருந்து முறையா வந்த பேரு. இன்னொண்ணு, 1814க்கு அப்புறம் வந்த அனாதைக் குழந்தைகளோட வம்சத்தைப் பேரை மட்டும் வச்சு உறுதியா சொல்ல முடியாது, ஊர்ல வேற யாருக்குமே இல்லாத விநோதமான ஒரு பேரு 1820ல திடீர்னு முளைச்சா அப்ப சந்தேகப்படுங்க.

ஆறாவது படி: எவ்வளவு பிரபலம்னு பாருங்க, ஆனா எண்ணிக்கையை சொந்தம்னு நினைக்காதீங்க

இத்தாலி முழுக்க எடுத்தா ரோஸ்ஸி, ரூஸ்ஸோ, ஃபெர்ராரிக்கு அடுத்து நாலாவது இடத்துல எஸ்போசிட்டோவைப் போடுவாங்க, நேப்பிள்ஸ்ல அதுதான் முதல் இடம். இவ்வளவு பேரு இருக்காங்கன்னா பெரிய வம்சம் போலன்னு தோணும். ஆனா ஒரே ராத்திரி சக்கரத்துல வந்த மூணு குழந்தைக்கும் ஒரே சர்நேம், அவங்களுக்குள்ள ரத்த சம்பந்தம் எதுவும் இல்ல. அதனால ரெண்டு எஸ்போசிட்டோ சந்திச்சா சொந்தமா இருக்குமோன்னு பேரை மட்டும் வச்சு மரம் வரைய ஆரம்பிக்காதீங்க, நான் ஆரம்பத்துல வரைஞ்ச மரத்துல பாதியை அழிக்க வேண்டி வந்துச்சு.

உங்களுக்குத் தெரிஞ்ச எஸ்போசிட்டோக்களே இருப்பாங்க. மார்கரிட்டா பீட்சா சாப்பிட்டிருப்பீங்க, 1889ல ராணி மார்கரிட்டா நேப்பிள்ஸுக்கு வந்தப்போ தக்காளி, மொசரெல்லா, பேசில் இலை போட்டு அதைச் செஞ்சு கொடுத்ததா சொல்லப்படுறவரு ரஃபாயெலே எஸ்போசிட்டோ, அந்தக் கதை அப்படியே நடந்துச்சான்னு ஆராய்ச்சிக்காரங்க நடுவுல சண்டை உண்டு. கனடால பில், டோனின்னு ஐஸ் ஹாக்கி அண்ணன் தம்பி, பில் 1970-71 சீசன்ல 76 கோல் போட்டு அந்தக் கால ரெக்கார்டை உடைச்சவரு. இங்கிலீஷ் சீரிஸ் பாக்குறவங்களுக்கு ஜியான்கார்லோ எஸ்போசிட்டோவைத் தெரியாம இருக்காது, அவரோட அப்பா நேப்பிள்ஸ்காரரு, அம்மா அமெரிக்க கறுப்பின ஆப்பரா பாடகி.

ஏழாவது படி: ரெஜிஸ்டர்ல இறங்குங்க

இதுக்கு இத்தாலி மொழி முழுசா தெரியணும்னு இல்ல, ஒரு ஐம்பது வார்த்தை போதும். "அந்தெனாத்தி"ன்னு இத்தாலி அரசு ஆவணக்காப்பகங்களோட வெப்சைட், முன்னோர்கள்னு அர்த்தம், பிறப்பு இறப்பு கல்யாண ரெஜிஸ்டர் பக்கங்களை ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க. பேமிலிசர்ச்ங்கற வம்சாவளி வெப்சைட்லயும் ஒரு அக்கவுன்ட் ஆரம்பிச்சா நிறைய கிடைக்கும். நேப்பிள்ஸ் ராஜ்யத்துல (சிசிலி தீவு தனி) அரசாங்கப் பதிவு 1809ல ஆரம்பம், இத்தாலி மொத்தத்துக்கும் ஒரே முறை 1866ல இருந்து. அதுக்கு முன்னாடி போகணும்னா சர்ச் ரெஜிஸ்டர்தான், 1563ல முடிஞ்ச கத்தோலிக்கத் திருச்சபையோட திரெந்து மாநாட்டுல ஞானஸ்நானமும் கல்யாணமும் எழுதி வைக்கணும்னு முடிவு பண்ணாங்க.

முதல்ல ஊர் தெரியணும், ஊர் இல்லாம தேடுனா காலம் பூரா தேடலாம். கப்பல் லிஸ்ட், குடியுரிமை பேப்பர், பழைய கல்யாணப் பத்திரம், கல்லறை எழுத்து, எதுலயாவது ஊர் இருக்கும். இறங்குன இடத்துல ஆபீசருங்க இஷ்டத்துக்குப் பேரை மாத்திட்டாங்கன்னு எல்லா குடும்பத்துலயும் ஒரு கதை சொல்லுவாங்க, அதை அப்படியே எடுத்துக்காதீங்க, நியூயார்க் எல்லிஸ் தீவுல கப்பல் ஏறின இடத்துல எழுதுன லிஸ்ட்டை வச்சுத்தான் சரி பாத்தாங்க. பேரு மாறுனது பெரும்பாலும் பின்னாடி, பள்ளிக்கூடத்துலயும் வேலை பாத்த இடத்துலயும்.

ஊர் கிடைச்சதும் அந்த வருஷ புக்கோட கடைசிப் பக்கங்களுக்குப் போங்க, அங்க அட்டவணை இருக்கும், பழைய புக்குல சில சமயம் சர்நேம் வரிசையில இல்லாம கிறிஸ்தவப் பேரு வரிசையில இருக்கும். பாதி அச்சடிச்ச பாரம், பாதி கையெழுத்து. வருஷத்தை எண்ணுல எழுதாம எழுத்துலதான் எழுதியிருப்பாங்க. அப்பா பேருக்கு முன்னாடி "தி"ன்னு இருந்தா அப்பா உயிரோட இருக்காரு, "ஃபு"ன்னு இருந்தா தவறிட்டாரு, இந்த ரெண்டெழுத்தை வச்சே எங்க மாப்பிள்ளையோட கொள்ளுத்தாத்தாவோட அப்பா இறந்த வருஷத்தை அஞ்சு வருஷத்துக்குள்ள குறுக்கிட்டோம். பொம்பளைங்களை அவங்க பிறந்த வீட்டு சர்நேம்லதான் தேடணும், இத்தாலி ரெஜிஸ்டர்ல கல்யாணத்துக்கு அப்புறமும் அது மாறாது.

தெற்கு இத்தாலியில ஒரு புதையல் இருக்கு, கல்யாண ரெஜிஸ்டரோட கூட கட்டி வச்ச இணைப்புப் பேப்பர்கள், "அல்லெகாத்தி"ன்னு போட்டிருக்கும். மாப்பிள்ளை பொண்ணோட பிறப்புச் சான்று, அப்பா இல்லைன்னா அப்பாவோட இறப்புச் சான்று, சில சமயம் தாத்தாவோடது கூட அதுல இருக்கும். ஒரே கட்டுல மூணு தலைமுறை.

அனாதைக் குழந்தை பதிவுன்னா வார்த்தைகள் வேற. "புரொயெத்தோ", "எஸ்போஸ்தோ", "ஜெனித்தோரி இஞ்ஞோத்தி", அதாவது பெத்தவங்க தெரியாது. சின்ன ஊர்களோட பதிவுல பெத்தவங்க வந்து நிக்கிற இடத்துல, சக்கரத்துல இருந்து குழந்தையை எடுத்த பொம்பளை வந்து மேயர் முன்னாடி குழந்தையைக் காட்டுனதா எழுதியிருக்கும். என்ன துணி, என்ன நிறம், கிழிஞ்சதா நல்லதா எல்லாம் இருக்கும்.

சின்னம் வாங்காதீங்க

ஒரே வரிதான். கேடயச் சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்குக் கொடுத்தது, அதே சர்நேம் இருக்குற எல்லாருக்கும் அது சேராது, எஸ்போசிட்டோ மாதிரி பேருக்கு காசு வாங்கிக்கிட்டு அதை அனுப்புறவங்க அந்தக் குழந்தைகளோட உண்மையான கதையை மறைக்குறாங்க, அதுதான் எனக்கு இன்னும் கோவம்.

கடைசிப் படி: பெத்தவங்க தெரியாதுங்கற வரிக்கு வந்ததும்

எங்க மாப்பிள்ளை வீட்டுக் கதை கொள்ளுத்தாத்தாவோட தாத்தா வரைக்கும் போயிருக்கு, நேப்பிள்ஸுக்கு வெளியில ஒரு கிராமம், விவசாயக் கூலி, அப்பா பேரு இருக்கு. இன்னும் ஒண்ணு ரெண்டு தலைமுறை போனா சக்கரத்துக்கு வந்துடுவோம்னு நினைக்கிறேன். அங்க போனதும் மேல பேரே கிடைக்காது, ஆனா தேடல் அங்க முடியாது. அன்னுன்சியாத்தாவோட பழைய ரெஜிஸ்டர்கள் நேப்பிள்ஸ்லயே இருக்கு, அதுல குழந்தை வந்த மணியையும் துணியையும் படிச்சதும் மூடிடாதீங்க, அதே பதிவுல ஓரத்துலயும் கீழயும் வேற மையில, வேற கையெழுத்துல பின்னாடி சேத்தது ஏதாவது இருக்கான்னு பாருங்க. எந்த கிராமத்துல பால் கொடுக்குற எந்தத் தாய்கிட்ட கொடுத்தாங்க, எப்ப திரும்ப வந்தான், யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு அங்கதான் எழுதுவாங்க. பால் கொடுத்த அந்த அம்மாவோட பேரு கிடைச்சா அதையும் மரத்துல போடுங்க, நாங்க போடப்போறோம், சிங்கம் இருந்த பிரேமை அதுக்காகவே கழட்டி வச்சிருக்காங்க.